ஃபேரிகளோடு மந்திரம்: வகுப்பில் ஒன்று சொல்கிறார்கள், பக்கத்து நிலத்துக்காரர் வேறு சொல்கிறார்

வயலோரம் கேட்டது:

வணக்கம். நான் அயர்லாந்தில், கிளேர் கவுண்டியில், என்னிஸ் பக்கம் இருக்கிறேன். நர்ஸ் வேலை. கூட வேலை செய்பவர் ஒருவர் வற்புறுத்தி இயற்கை மந்திர வகுப்பு ஒன்றில் சேர்த்துவிட்டார். மரம், ஓடை, மண் எல்லாவற்றிலும் உள்ள ஆவிகளோடு பழகுவது, ஃபேரிகளின் துணையோடு சின்னச் சின்ன மந்திரங்கள் செய்வது, இதுதான் பாடம். எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து ஓடைக்கரையில் சும்மா உட்கார்ந்தால் மனசு லேசாகிறது, அதற்கு மேல் என்ன வேண்டும்.

இப்போது சிக்கல் என்னவென்றால், மே 1க்கு முந்தின இரவு எல்லோரும் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பழைய வட்ட மேட்டுக்குள் (ஊரில் ஃபேரி ஃபோர்ட் என்பார்கள்) போய், ஆளுக்கொரு ஃபேரியைப் பெயர் சொல்லி அழைத்து, பாலும் தேனும் வைத்து, அங்கே இருக்கிற ஹாதார்ன் என்ற முள்மரத்தில் ரிப்பன் கட்டி, "என் வீட்டுக்கு வா" என்று கூப்பிட வேண்டுமாம். அந்த நிலம் பக்கத்து வீட்டு விவசாயியுடையது. வயதானவர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. "அவங்களை விட்டுடும்மா, அவங்களும் உன்னை விட்டுடுவாங்க" என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டு டிராக்டரில் ஏறிப் போய்விட்டார். ஃபேரியை நம்புகிறீர்களா என்று கேட்டால் இல்லை என்கிறார், ஆனால் ஏர் ஓட்டும்போது அந்த மேட்டைச் சுற்றி நாலடி விட்டுத்தான் ஓட்டுகிறார், அந்த நாலடியில் காஞ்சொறி இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது.

வகுப்பில் சொல்லித் தருவது நிஜமாகவே இந்த நாட்டுப் பழக்கம்தானா? போகலாமா, வேண்டாமா?

பனிப்புல் எழுதியது:

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதுதான் அந்த நாட்டுப் பழக்கம். வகுப்பு சொல்வது பொய் என்று சொல்ல மாட்டேன், அது வேறு வீட்டுப் பிள்ளை, அவ்வளவுதான்.

பழைய ஐரிஷ் நம்பிக்கையில் ஃபேரிகள் தோழிகள் இல்லை. இறக்கை கிடையாது, விரல் நீளம் கிடையாது. மனிதர் அளவில், மனிதரைப் போலவே மாடு வைத்து, கல்யாணம் பண்ணி, சண்டை போட்டு வாழ்கிற, நம்மைவிடப் பலம் வாய்ந்த ஒரு கூட்டம். பெயர் சொல்லிப் பேசவே மாட்டார்கள், 'நல்லவர்கள்' என்று சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஆளுக்கொரு பெயர் வைத்துக் கூப்பிடுவது தலைகீழ். படையல் உண்டு, ஆனால் அது வாடகை கொடுப்பது மாதிரி: மாடு கன்று போட்டதும் கறக்கிற சீம்பாலில் கொஞ்சம் ஹாதார்ன் அடியில் ஊற்றுவார்கள், சாராயம் காய்ச்சினால் முதல் சொட்டைத் தரையில் விடுவார்கள். எங்களைத் தொந்தரவு செய்யாதே என்பதற்காக. வந்து என்னோடு இரு என்பதற்காக அல்ல.

அதிலும் மே மாதத்துக்கு முந்தின இரவு! அன்றைக்குத்தான் கதவைச் சாத்துகிற ராத்திரி. வாசலில் மஞ்சள் பூப் பரப்புவார்கள், சதுப்பு நிலத்தில் பூக்கிற மார்ஷ் மேரிகோல்ட். வீட்டிலிருந்து பால், வெண்ணெய், அடுப்புக் கங்கு எதையும் வெளியே கொடுக்க மாட்டார்கள், கொடுத்தால் அந்த வருஷத்து வெண்ணெயெல்லாம் கூடவே போய்விடும் என்று பயம். அந்த ராத்திரியில் "என் வீட்டுக்கு வா" என்று அழைப்பதைக் கேட்டால் அந்தப் பெரியவர் முகம் மாறாமல் என்ன செய்யும்?

அந்த வட்ட மேடு உண்மையில் ஒரு பண்ணை வீடு. பெரும்பாலும் கி.பி. 500க்கும் 1000க்கும் நடுவில் மண் கரை எழுப்பி, உள்ளே வீடும் மாடுமாக மனிதர்கள் இருந்த இடம். நாடு முழுக்க இப்படி 40,000க்கு மேல் மிச்சம் இருக்கிறது. கட்டியவர்களை ஊர் மறந்த பிறகு 'அவர்கள்' குடிவந்துவிட்டார்கள். அந்தப் பயத்தினால்தான் இத்தனை மேடுகள் ஏருக்குத் தப்பின, தொல்லியல் துறை தனியாகச் செய்திருக்க முடியாத வேலை. உங்கள் கவுண்டியிலேயே லாட்டூன் என்ற இடத்தில் 1999இல் பெரிய சாலை போட ஒரு ஹாதார்ன் இடைஞ்சலாக இருந்தது. அது மன்ஸ்டர் மாகாணத்து ஃபேரிகள் கானாட் மாகாணத்து ஃபேரிகளோடு சண்டைக்குப் போகும்போது கூடுகிற இடம், வெட்டினால் அந்தச் சாலையில் விபத்துகள் நடக்கும் என்று எடி லெனிஹன் என்ற கதைசொல்லி எழுப்பிய சத்தத்தில் மரம் பிழைத்தது. பிறகு யாரோ ஒரு புண்ணியவான் 2002இல் ரம்பத்தால் கிளைகளை அறுத்துவிட்டுப் போனான், அது மறுபடி துளிர்த்துக்கொண்டது.

வகுப்பின் பூர்வீகம் வேறு. மண்ணுக்கு நோம், நீருக்கு அன்டைன், காற்றுக்கு சில்ஃப், நெருப்புக்கு சாலமாண்டர் என்று நாலு வகை ஆவிகளைச் சொல்லித் தந்திருப்பார்களே, அது 16ஆம் நூற்றாண்டு பாராசெல்ஸஸ், மருத்துவர், அயர்லாந்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஃபேரிகள் செடிகளை வளர்க்கிற அன்பான சக்திகள் என்ற எண்ணத்தைப் பரப்பியதில் தியாசஃபிக்காரர்களுக்கு (பிரம்மஞான சபை) பெரிய பங்கு. 1882 முதல் நம் சென்னை அடையாறில் தலைமையகம் வைத்திருக்கிறார்களே, அவர்களேதான். அப்புறம் 1962இல் ஸ்காட்லாந்தில் ஃபிண்ட்ஹார்ன் என்ற இடத்தில் ஒரு கேரவன் பார்க் மணலில் மூன்று பேர் தோட்டம் போட்டு, செடிகளின் ஆவிகள் சொல்லித்தான் முட்டைகோஸ் இவ்வளவு பெரிதாக வந்தது என்றார்கள். 1954க்குப் பிறகு பரவிய விக்கா என்ற நவீன மந்திர மதமும் சேர்ந்துகொண்டது. இதெல்லாம் கலந்த சாறுதான் இன்றைய வார இறுதி வகுப்பு. புதியது என்பதால் மோசம் இல்லை. 'பழங்கால ஐரிஷ் ஞானம்' என்று லேபிள் ஒட்டுவதுதான் எனக்கு இடிக்கிறது.

நிஜமான பழைய மந்திரக்காரி வேண்டுமென்றால் உங்கள் கவுண்டியிலேயே பிட்டி ஏர்லி இருந்திருக்கிறார், ஃபீக்கிள் பக்கம். மூலிகை கொடுப்பார், ஒரு கறுப்புப் புட்டிக்குள் பார்த்து நடப்பதைச் சொல்வார் என்பது ஊர்ப் பேச்சு. 1865இல் சூனியச் சட்டப்படி என்னிஸ் கோர்ட்டுக்கே இழுத்தார்கள், சாட்சி சொல்ல ஆள் இல்லாமல் வழக்கு நிற்கவில்லை என்றும் சொல்வார்கள். இன்னொன்று: 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதச் சொன்ன குறிப்பேடுகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன, டூகஸ் (dúchas) என்று தேடுங்கள், பிறகு உங்கள் ஊர்ப் பெயரைப் போடுங்கள். அந்த மேட்டைப் பற்றியே யாராவது ஒரு பொடியன் எழுதி வைத்திருக்கலாம்.

கறார்_கந்தன் எழுதியது:

கதை நன்றாகத்தான் இருக்கிறது பனிப்புல், ஆனால் இந்த நம்பிக்கை மேட்டை மட்டும் காப்பாற்றவில்லை. 1895 மார்ச்சில் டிப்பரரியில், பாலிவாட்லியில், பிரிட்ஜட் கிளேரி என்ற பெண்ணுக்கு உடம்பு சரியில்லை. இது என் மனைவியே இல்லை, ஃபேரிகள் மாற்றி வைத்துவிட்டுப் போனது என்று புருஷன் முடிவு கட்டி, சொந்தக்காரர்கள் கையைக் காலைப் பிடித்துக்கொள்ள மூலிகைக் கஷாயத்தை வாயில் திணித்து, கடைசியில் எரித்தே கொன்றான். கொலை இல்லை, மரணம் விளைவித்த குற்றம் என்று தீர்ப்பு, 20 வருஷம் தண்டனை, 15 வருஷம் உள்ளே இருந்தான். மாற்றி வைக்கப்பட்ட பிள்ளை என்று சொல்லிக் குழந்தைகளுக்கு ஃபாக்ஸ்கிளவ் என்ற விஷச்செடியைக் கொடுத்ததும் உண்டு. நர்ஸ் என்கிறீர்கள், அந்தச் செடியிலிருந்து டிஜாக்ஸின் குடும்பத்து மருந்து வருகிறது, அது இதயத்தை என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பில் ஃபேரி மூலிகை என்று எதையாவது ஊறப்போட்டுக் கொடுத்தால் வாயில் வைக்காதீர்கள், சகோதரி.

ஃபேரிக்குப் போட்டோ ஆதாரம் காட்டினால் இங்கிலாந்தின் காட்டிங்லி கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1917இல் இரண்டு சிறுமிகள் எடுத்த படம், ஷெர்லாக் ஹோம்ஸ் எழுதிய கானன் டாயில் வரை நம்பினார். 1983இல், கிழவிகளான பிறகு, அட்டையில் வெட்டித் தொப்பி ஊசியில் குத்தி நிற்க வைத்தோம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

ஓடைக்கரை எழுதியது:

நான் இங்கிலாந்தில் சாமர்செட் பக்கம் இருக்கிறேன், இதை ரொம்ப வருஷமாகச் செய்கிறவள். கந்தன் அண்ணா சொன்ன வரலாற்றை மறுக்கவில்லை. பிரிட்ஜட் கிளேரியைப் பற்றித் தெரியாமல் ஃபேரி என்று பேசுகிற ஆசிரியரிடம் நானும் படிக்க மாட்டேன். ஆனால் ஓடைக்கரையில் உட்கார்ந்தால் மனசு லேசாகிறது என்று வயலோரம் எழுதினாரே, பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது, அதை விட்டுவிட வேண்டாம்.

நான் செய்வது ரொம்பச் சாதாரணம். ஒரே இடம், ஒரு மரமோ ஊற்றோ, எல்லாப் பருவத்திலும் அங்கேயே போவது. போனதும் வந்தேன் என்று சொல்வது, கொஞ்ச நேரம் எதுவும் கேட்காமல் இருப்பது, வேண்டுதல் இருந்தால் ஒரே வரியில் சொல்வது, பதிலுக்கு நான் என்ன செய்வேன் என்பதையும் சொல்வது. அந்தப் 'பதிலுக்கு' முக்கியம். போன தடவை நான் சொன்னது, ஊற்றுக் கண்ணை அடைத்திருக்கிற இலையையும் பிளாஸ்டிக்கையும் எடுத்துவிடுகிறேன் என்பது. எடுத்தேன். தண்ணீர் முதலில் கலங்கலாக, பிறகு தெளிந்து, விரல் தடிமனுக்கு ஓடியது. ஆவி வந்ததா என்று கேட்காதீர்கள், எனக்கு அது போதுமான மந்திரம்.

படையல் விஷயத்தில் வகுப்புக்காரர்களோடு எனக்குச் சண்டையே உண்டு. கடைத் தேனை வெளியே வைக்கவே கூடாது. அதில் ஃபவுல்புரூட் என்கிற தேனீ நோயின் வித்துகள் இருக்கலாம், மனிதருக்கு ஒன்றும் செய்யாது, பக்கத்துத் தேனீக் கூட்டத்தையே காலி செய்துவிடும். பால் வைத்தால் முள்ளெலி குடித்துவிட்டு வயிற்றுப்போக்கில் கிடக்கும். சாக்லேட் நாய்க்கு விஷம். உப்பில் வட்டம் போட்டால் புல் கருகும். மினுக்குத் தூளைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். சுத்தமான தண்ணீர், ஒரு வாய் ரொட்டி, அது போதும். இல்லாவிட்டால் ஒரு பாட்டு.

ஹாதார்ன் பூ மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், சாவு வரும் என்று இங்கேயும் சொல்வார்கள், அங்கேயும் சொல்வார்கள். முகர்ந்து பார்த்தால் புரியும், இனிப்புக்கு அடியில் பிண வாடை. டிரைமெத்திலமின் என்ற பொருள், கெட்டுப்போகிற மீனிலும் மாமிசத்திலும் இருப்பதேதான்.

மே இரவுக்கு உங்கள் வீட்டுக் கொல்லையே போதும். மேடு அவர் நிலம், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். அவர் சரி என்றாலும் உள்ளே தீ மூட்டுவதோ எதையாவது புதைக்கக் குழி தோண்டுவதோ கூடாது, அவை சட்டப் பாதுகாப்பில் உள்ள சின்னங்கள்.

வயலோரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பனிப்புல் சொன்ன குறிப்பேடுகளில் நேற்று ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன், எங்கள் மேடு கிடைக்கவில்லை, அடுத்த ஊர் மேட்டில் இசை கேட்டதாக ஒரு பிள்ளை அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறது. கந்தன் சார், கஷாயம் எதுவும் கொடுக்கவில்லை, கொடுத்தாலும் குடிக்கிற ஆள் நான் இல்லை.

மேட்டுக்குள் வர மாட்டேன், வேண்டுமானால் என் கொல்லைக்கு வாருங்கள் என்று வகுப்பில் சொல்லிவிட்டேன். அங்கே 'ஆற்றல்' போதாதாம். கட்டணமும் திரும்பி வராதாம்.

இன்னொரு சந்தேகம். போன வருஷம் இதே வகுப்பின் பழைய கூட்டம் அந்த ஹாதார்னில் நைலான் ரிப்பன் நிறையக் கட்டிவிட்டுப் போயிருக்கிறது. ஒரு கிளையில் ரிப்பன் பட்டைக்குள்ளேயே இறங்கி, மேலே வீங்கி, கீழே மெலிந்து இருக்கிறது. பெரியவருக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல், ஆனால் அவரும் தொட மாட்டேன் என்கிறார். நான் எடுக்கலாமா?

கறார்_கந்தன் எழுதியது:

ஆற்றல் போதாது என்றால் ஒரு இன்வெர்ட்டர் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

ஓடைக்கரை எழுதியது:

அவர் தொடாததற்குக் காரணம் இருக்கிறது. துணி கட்டுவது அங்கே நிஜமாகவே பழைய வழக்கம்தான், புனித ஊற்றுப் பக்கத்து மரங்களில், நோயாளியின் துணியில் ஒரு கிழிசலை நனைத்துக் கட்டுவார்கள். அடுத்தவர் கட்டியதை அவிழ்த்தால் அந்த நோய் அவிழ்ப்பவருக்கு வரும் என்பார்கள். ஸ்காட்லாந்தில் மன்லாக்கி பக்கத்து ஊற்றில் யாரோ எல்லாவற்றையும் அள்ளிச் சுத்தம் செய்துவிட்டார் என்று பெரிய ரகளையே நடந்தது.

ஆனால் அந்த வழக்கத்திலேயே பதிலும் இருக்கிறது. துணி மக்க மக்க நோய் குறையும் என்பதுதான் கணக்கு. பருத்தி, கம்பளி, லினன் மக்கும். நைலான் எந்தக் காலத்தில் மக்கும்? அவர்கள் முறைப்படியே பார்த்தாலும் அந்த வேண்டுதல் ஒன்றுகூட முடியாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் நான் எடுப்பேன், பெரியவரிடம் கேட்டுவிட்டு, பகலில். இழுத்து உருவ வேண்டாம், சின்னக் கத்தரியால் முடிச்சுக்கு எதிர்ப்பக்கம் வெட்டுங்கள். பட்டைக்குள் இறங்கினதைத் தோண்ட வேண்டாம், வெளியே தெரிகிற நீளத்தை மட்டும் வெட்டிவிட்டு விடுங்கள், மரம் மூடிக்கொள்ளும். கிளையில் கை வைக்காதீர்கள், மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பறவைகள் கூடு கட்டுகிற காலம், அங்கே வேலிச்செடி வெட்டவே சட்டத்தில் தடை. முதலில் கீழே நின்று கொஞ்ச நேரம் பாருங்கள், பிளாக்பேர்ட் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தால் செப்டம்பர் வரைக்கும் அப்படியே கிடக்கட்டும்.

வயலோரம் எழுதியது:

சரி. கையுறை போட்டுக்கொள்ளவா? முள் ஒவ்வொன்றும் ஊசி நீளம் இருக்கிறது.

ஓடைக்கரை எழுதியது:

கட்டாயம். தோல் கையுறை. ஹாதார்ன் முள் குத்திய இடம் சீக்கிரம் சீழ் பிடிக்கும், அது எந்த ஃபேரியின் வேலையும் இல்லை.