சிறார் குற்றங்களுக்குக் கடுமையான சட்டம்தான் தீர்வா?

மலர்விழி (கேள்வி):
சிறுவன் ஒருவன் கொடிய குற்றத்தில் பிடிபடும்போதெல்லாம், அவனை வயது வந்தோருக்கான நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்ற கோரிக்கை எழுகிறது. பாதிக்கப்பட்ட குடும்பத்தின் வேதனையை நினைத்தால் அதை எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை. அத்தகைய சட்டங்களால் குற்றம் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா?

கதிரவன்:
அமெரிக்காவின் பல மாநிலங்கள் 1990களில் இதைச் செய்து பார்த்தன. அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, வயது வந்தோர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்ட சிறார்கள், சிறார் நீதிமன்றத்திலேயே விசாரிக்கப்பட்டவர்களைவிட மீண்டும் வன்முறையில் இறங்குவது கூடுதலாகவே இருந்தது. படிப்பு அறுந்து, முதிர்ந்த குற்றவாளிகளோடு பழகி, வேலை கிடைக்காத பெயரோடு வெளியே வருபவனிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? சிறையடைப்பு கடைசி வழியாகவும் இயன்ற அளவு குறுகிய காலத்துக்கானதாகவும் இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை சொல்வது வெறும் இரக்கத்தால் அன்று.

நாச்சியார்:
கதிரவன் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு அதில் இடம் எங்கே? இதற்கு நியூசிலாந்தின் 1989ஆம் ஆண்டுச் சட்டம் நல்ல விடை தருகிறது என்பது என் எண்ணம். அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் குழந்தைகள் உறவினரிடமிருந்து பிரிக்கப்படுவதைப் பற்றி எழுந்த கடும் கண்டனத்துக்குப் பின் வந்த அந்தச் சட்டம், கொலை போன்ற வழக்குகள் நீங்கலாக, தவறு செய்த சிறுவன், அவனுடைய பெற்றோரும் உறவினரும், காவல்துறையினர், விரும்பினால் பாதிக்கப்பட்டவர் ஆகிய அனைவரையும் குடும்பக் கூட்டம் ஒன்றில் நேருக்கு நேர் உட்கார வைக்கிறது. மன்னிப்புக் கேட்பது, இழப்பை ஈடுசெய்வது, சமூகப் பணி செய்வது என அவர்கள் கூடி ஒரு திட்டம் வகுக்கிறார்கள். தன்னால் காயம்பட்டவரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது, வழக்கறிஞரின் பின்னால் மௌனமாக நிற்பதைவிட மிகக் கடினம். சிறு தவறுகள் பெரும்பாலும் காவல்துறையின் எச்சரிக்கையோடும் மாற்று நடவடிக்கையோடும் நீதிமன்றம் போகாமலே முடிந்துவிடுகின்றன.

இளமாறன்:
தடுப்பைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். பெரியவர் செய்தால் குற்றமாகாத செயலுக்குச் சிறாரையும் தண்டிக்கக் கூடாது என்கின்றன சிறார் குற்றத் தடுப்புக்காக ஐ.நா. 1990இல் ஏற்ற ரியாத் வழிகாட்டு நெறிகள். பள்ளிக்கு மட்டம் போடுவதும் வீட்டைவிட்டு ஓடுவதும் அத்தகையவை. அவற்றைக் குற்றமாகப் பதிவு செய்யும் சட்டம், உதவி தேவைப்பட்ட பிள்ளையைத் தானே குற்றவாளிகளின் வரிசையில் சேர்த்துவிடுகிறது.

மலர்விழி:
மூவருக்கும் நன்றி. அம்மா நாச்சியார், பாதிக்கப்பட்டவர் கூட்டத்துக்கு வர விரும்பாவிட்டால் என்ன செய்கிறார்கள்?

நாச்சியார்:
வரும்படி அவரை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, மலர்விழி. அவர் சொல்ல விரும்புவதைக் கூட்டத்தில் எடுத்துரைக்க வழி உண்டு.