ஹவுசிங் போர்டில் உர டிரம்: நாற்றம் தாங்கவில்லை, என்ன செய்வது?

தண்டையார்பேட்டை பிளஸ் ஒன்:
வணக்கம். பள்ளிப் பசுமைப் படையில் இருக்கிறோம். எங்கள் பிளாக்கின் காய்கறிக் கழிவு கொடுங்கையூர் குப்பை மேட்டுக்குப் போகாமல் இங்கேயே உரமாகட்டும் என்று, பழைய பெயின்ட் டிரம் ஒன்றைப் படிக்கட்டுக்குக் கீழே வைத்தோம். இப்போது அடியில் கறுப்புத் தண்ணீர், மேலே நெளியும் புழு. ஞாயிற்றுக்கிழமை யாரோ மீன் செதிலையும் குடலையும் கொட்டிவிட்டார்கள். கீழ்வீட்டு ஆயா, "நாளைக்கும் இங்கே இருந்தால் தெருவில் உருட்டிவிடுவேன்" என்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, டிரம் அவர் ஜன்னலை ஒட்டித்தான் இருக்கிறது. இதை விட்டுவிட்டு விழிப்புணர்வுப் பேரணி நடத்தலாம் என்று எங்களில் இரண்டு பேர் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பெரம்பூர் மாடித்தோட்டம்:
பேரணி வேண்டாம்மா. கொடுங்கையூர் மேடு புகைந்தால் இருமுகிற நமக்கே குப்பையைப் பற்றி விழிப்புணர்வா? அந்த மேட்டுக்குள் காற்றில்லாமல் அழுகித்தான் மீத்தேன் கிளம்புகிறது, தீயும் பிடிக்கிறது. உங்கள் டிரம்மில் நடப்பதும் அதே அழுகல்தான். அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்டு, செங்கல் மேல் தூக்கி வையுங்கள். ஜன்னலை விட்டுத் தள்ளி, முதல் வேலையாக. ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு. பள்ளி மைதானத்தில் கூட்டிக் கொளுத்துகிற சருகையே மூட்டையாகக் கேளுங்கள். கிடைக்காத வாரம் தென்னை நார்க்கழிவு போதும். மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. புழு உங்கள் வேலையாள், விரட்டாதீர்கள். மேலே சருகு மூடினால் கண்ணில் படாது.
அப்புறம், டிரம்மில் பெயின்ட் ஒட்டியிருந்தால் அது வேண்டவே வேண்டாம், வேறு தேடுங்கள்.

காசிமேட்டுக்காரன்:
மீன் கழிவு தனி வாளிக்குப் போகட்டும். அதே எடைக்கு வெல்லம் போட்டுப் பிசைந்து, கால்வாசி இடம் விட்டு மூடி வையுங்கள், வாயு கிளம்பும். 21 நாள் கழித்து வடிகட்டினால் மீன் அமிலம். லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி கலந்து செடிக்குத் தெளிக்கலாம். ஆனால் பிளாக் முழுவதின் மீன் கழிவுக்கும் வெல்லம் வாங்கினால் கட்டுப்படியாகாது. ஒரு கிலோவோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை மாநகராட்சி வண்டியில் ஈரக் குப்பையாகக் கொடுத்துவிடுங்கள்.

தண்டையார்பேட்டை பிளஸ் ஒன்:
நன்றி அண்ணா. டிரம் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஓட்டைக்குக் கம்பியைச் சுட்டுக் குத்தலாமா?

பெரம்பூர் மாடித்தோட்டம்:
கூடாது, பிளாஸ்டிக் புகை நெஞ்சுக்குள் போகும். தெரு எலக்ட்ரீஷியனிடம் டிரில் இருக்கும், டிரம்மைத் தூக்கிக்கொண்டு போங்கள்.