டெப்ரிகேட்டட்டுக்கு "வழக்கொழிந்த" வேண்டாமே, "நீங்குநிலை" சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம்.

ரெண்டு வாரமா இந்த இழையைப் படிச்சுக்கிட்டே தான் இருக்கேன், உக்காந்து எழுத இன்னைக்குத்தான் நேரம் கிடைச்சுது. நம்பை (NumPy, பைத்தான் நிரல்மொழியில எண் கணக்குக்கான லைப்ரரி) ஆவணங்களைத் தமிழ்ல கொண்டுவர்ற வேலையில டெப்ரிகேட்டட் (deprecated, அதாவது இன்னும் வேலை செய்யுது, ஆனா பின்னாடி எடுத்துடுவோம், இப்பவே மாத்திக்கங்கனு முன்கூட்டியே அறிவிச்சது)ங்கற ஒரே சொல்லுல நாம நின்னுபோயிட்டோம், "வழக்கொழிந்தனு போட்டுட்டு அடுத்த பக்கத்துக்குப் போலாமே"னு சிலர் கேட்டிருந்தீங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல, ஏன்னு கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுத்துக்கங்க.

2023 ஆரம்பத்துல ஒரு கல்லூரி மாணவி கூப்பிட்டாங்க. "அண்ணா, வீட்டு லேப்டாப்ல ஓடுது, லேப்ல புதுசா இன்ஸ்டால் பண்ணதுல ஓட மாட்டேங்குது, நம்பையில இன்ட்னு ஒண்ணே இல்லைனு சொல்லுது, நாளைக்கு ரிவ்யூ"னு. பார்த்தா வழக்கமான கதைதான். என்பி.இன்ட், என்பி.ஃப்ளோட், என்பி.பூல் (என்பிங்கறது கோடுல நம்பைக்கு வைக்கற சுருக்கப் பேர்) இதெல்லாம் நம்பையோட தனி வகைகளே கிடையாது, பைத்தானோட சொந்த இன்ட்டுக்கும் (முழு எண்) ஃப்ளோட்டுக்கும் (தசம எண்) பூலுக்கும் (உண்மை/பொய்) இன்னொரு பெயர், அவ்வளவுதான், ஆனா என்பினு முன்னாடி இருக்கறதால இது நம்பையோட எண் வகைனு நெனச்சு ஊர்ப்பட்ட பேர் எழுதிட்டாங்க. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 2021 ஜனவரியில வந்த 1.20 பதிப்புல இதெல்லாம் டெப்ரிகேட்டட்னு அறிவிச்சாங்க, 2022 டிசம்பர்ல வந்த 1.24ல எடுத்துட்டாங்க. நடுவுல கிட்டத்தட்ட 2 வருஷம் இருந்துச்சு. அந்தப் பொண்ணோட சொந்தக் கோடுல தப்பே இல்ல, அவங்க போட்டிருந்த யாரோட பழைய பொதியிலயோ (பேக்கேஜ்) என்பி.இன்ட் இருந்துச்சு, பைத்தான்ல இந்த வகை எச்சரிக்கை நாம நேரடியா ஓடவிடற ஃபைல்லேருந்து கிளம்பினாத்தான் தானா திரையில வரும், உள்ள இருக்கற பொதியிலேருந்து வந்தா நாம கேட்டாலொழிய காட்டாது. அதனால 2 வருஷம் சொல்லிக்கிட்டே இருந்த விஷயம் அவங்க காதுல ஒரு தடவை கூட விழல. (இதுக்காகவே நம்பைக்காரங்க, கட்டாயம் கண்ணுல படணும்ங்கற விஷயங்களுக்குத் தனியா ஒரு எச்சரிக்கை வகையே வச்சிருக்காங்க.)

இப்ப சொல்லுங்க, அந்த 2 வருஷத்துல என்பி.இன்ட்டை "வழக்கொழிந்தது"னு சொல்ல முடியுமா? உலகமே அதைத்தானே எழுதிக்கிட்டு இருந்துச்சு. வழக்கொழிந்தன்னா யாரும் இப்ப பயன்படுத்தறதில்லைனு அர்த்தம், முடிஞ்சுபோன காலம். இங்க விஷயம் நேர் எதிர், நிறைய பேர் பயன்படுத்தறாங்க, அதனாலதான் முன்கூட்டியே சொல்ல வேண்டியிருக்கு. ஒருத்தரும் தொடாத பெயரா இருந்தா அவ்வளவு நாள் காத்திருக்கவே தேவையில்ல.

நான் ஒரு சின்னப் பொதியைப் பராமரிக்கறேன், அதனால இன்னொண்ணும் சொல்லணும். பழைய பெயரை ஒரே நாள்ல வெட்டி எறியறது பராமரிக்கறவங்களுக்கு ரொம்ப சுலபம், நாலு வரி அழிச்சா போதும். அதைப் பண்ணாம ரெண்டையும் சேர்த்து சுமந்து, பழசு கூப்பிட்டா எச்சரிக்கை குடுத்து, ரெண்டுக்கும் டெஸ்ட் ஓட்டி, ஆவணத்துல "இதுக்குப் பதிலா இதை எழுதுங்க"னு போட்டு, குறைஞ்சது ரெண்டு பதிப்பு, அதாவது சுமார் 1 வருஷமாவது காத்திருக்கணும்ங்கறது நம்பையோட எழுதிவச்ச கொள்கை. சைபை, பாண்டாஸ், சைக்கிட்-லேர்ன்னு அதுமேல நிக்கற எல்லாருக்கும் மாத்திக்க நேரம் குடுக்கறாங்க. "கைவிடப்பட்டது"னு ஒரு அண்ணன் பரிந்துரைச்சதை நான் ஏத்துக்காததுக்கு இதுதான் காரணம், கடைசி நாள் வரைக்கும் கையில வச்சுப் பாத்துக்கற ஒண்ணைக் கைவிட்டதுனு எப்படிச் சொல்றது? அந்தச் சொல் நமக்கு வேற இடத்துல வேணும், ஆளே இல்லாம கெடக்கற ப்ராஜெக்ட்டுகளுக்கு.

"காலாவதி" எல்லாருக்கும் புரியற சொல், மறுக்கல. ஆனா மாத்திரை அட்டையில அந்தத் தேதி தாண்டினா சாப்பிடக்கூடாது, நாம சொல்ல வர்றது தேதிக்கு முன்னாடி இருக்கற நாட்களை.

"விலக்கப்பட்ட"னு அக்கா எழுதினது எனக்கு முதல்ல பிடிச்சுது, ஆனா இது அறிவியல் கணக்குக்கான லைப்ரரி, ஸ்டாண்டர்ட் டீவியேஷன் கணக்கிடற எஸ்டிடிங்கற செயற்கூறை (ஃபங்ஷன்) நாம திட்டவிலக்கம்னு தான் எழுதறோம், பத்தாம் வகுப்புப் பாடத்துலயே அப்படித்தான். இலங்கையில அதையே நியம விலகல்னு படிக்கறாங்க, அங்கேருந்து எழுதற நண்பர் அதைச் சுட்டிக்காட்டினது ரொம்ப நல்லதாப் போச்சு. ஆக விலக்கு, விலகு ரெண்டு வேரும் ஏற்கனவே கணக்குக்குப் போயாச்சு. கழி எடுத்தா கழித்தல், ஒதுக்கு எடுத்தா நினைவக ஒதுக்கீடு, ஓய் எடுத்தா சும்மா இருக்கற ப்ராசஸ் ஞாபகம் வருது. ஒவ்வொரு வேரா எடுத்துப் பார்த்துட்டேன், இந்தத் துறைக்குள்ள காலியா இருக்கறது நீங்கு தான்.

அதனால என் பரிந்துரை: நீங்குநிலை.

இது வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு மாதிரி, நம்ம துறையிலயே தொடுதிரை இருக்கே அது மாதிரி. நீங்கிய நிலை, நீங்குகின்ற நிலை, நீங்கும் நிலைனு மூணு காலமும் உள்ள ஒளிஞ்சிருக்கு. எனக்கு இதுதான் பெரிய வசதியா படுது, ஏன்னா நம்ம மொழிபெயர்ப்பு எப்பவும் மூலத்துக்குப் பின்னாடிதான் ஓடும், இன்னைக்கு நாம மொழிபெயர்க்கற பக்கத்தை 3 வருஷம் கழிச்சு ஒருத்தர் படிக்கும்போது அந்தச் செயற்கூறு போயே போயிருக்கும். அப்பவும் அந்தச் சொல் பொய் ஆகாது.

நீங்கு, நீக்கு ரெண்டும் பார்க்க ஒண்ணா இருக்கு, அவசரத்துல தப்பாப் படிப்பாங்கனு தம்பி ஒருத்தர் சொன்னார். அது உண்மையான பயம்தான். ஆனா அதை நான் வேற மாதிரி பார்க்கறேன், திருந்து திருத்து, அடங்கு அடக்கு மாதிரி இதுவும் தன்வினை பிறவினை ஜோடி, முதல்ல நீங்குநிலை, அப்புறம் நீக்கம், ரெண்டு படியும் ஒரே வேர்லேருந்து வர்றதால இதுக்கு அடுத்து அதுனு சொல்லே சொல்லிடுது. எழுதியும் பார்த்தேன் (டிராப்ஸ், டிராபிசாய்டு ரெண்டும் நம்பையோட செயற்கூறு பேர்): "டிராப்ஸ் 2.0 பதிப்பு முதல் நீங்குநிலையில் உள்ளது, டிராபிசாய்டைப் பயன்படுத்தவும்." "நீங்குநிலை எச்சரிக்கை." "என்பி.இன்ட் 1.20இல் நீங்குநிலைக்கு வந்தது, 1.24இல் நீக்கப்பட்டது." வாய்விட்டுப் படிச்சா எங்கயும் தடுக்கல.

ஒரு சிக்கலான இடமும் இருக்கு. என்பி.பூல் 1.24ல போச்சுனு சொன்னேன்ல, அது 2024 ஜூன்ல வந்த 2.0ல திரும்பி வந்துடுச்சு, ஆனா இந்தத் தடவை நம்பையோட சொந்த பூல் வகையா. 2006ல 1.0 வந்ததுக்கப்புறம் முதல் பெரிய பதிப்பு அதுதான், அதனால இந்த மாதிரி மாத்தங்களுக்கு அப்ப இடம் இருந்துச்சு. "வழக்கொழிந்த"னு முத்திரை குத்தியிருந்தோம்னா இப்ப அந்தப் பக்கத்துல என்ன எழுதறது? நீங்கினது திரும்பலாம், அதுல மொழிக்கு எந்தச் சங்கடமும் இல்ல.

எனக்கு விடை தெரியாதது ஒண்ணுதான், என்பி.மேட்ரிக்ஸ், அணிகளுக்கான பழைய வகை. புதுசா எழுதறவங்க இதைப் பயன்படுத்தாதீங்கனு ஆவணம் சொல்லுது, 2018லேருந்தே "இனிமேல் டெப்ரிகேட் ஆகலாம்"ங்கற அளவுல ஒரு மெல்லிய எச்சரிக்கை இருக்கு, ஆனா நீங்குநிலைக்கே இன்னும் வரல. இந்த முந்தின படிக்கு "நீங்குநிலை முன்னறிவிப்பு"னு வச்சிருக்கேன், எனக்கே திருப்தியா இல்ல, நீளமாவும் இருக்கு. இதைவிடச் சின்னதா யாருக்காவது தோணுச்சுன்னா எழுதுங்க.

ஞாயித்துக்கிழமை ராத்திரி வரைக்கும் காத்திருக்கேன். பெரிய ஆட்சேபணை வரலைனா திங்கக்கிழமை சொற்பட்டியல்ல ஏத்திட்டு, ஏற்கனவே "வழக்கொழிந்த"னு முடிச்சு வச்சிருக்கற பக்கங்களை மாத்த ஆரம்பிக்கறேன். பழைய சொல்லைத் தேடி வர்றவங்களுக்காகச் சொற்பட்டியல்ல அதுவும் இருக்கட்டும், பக்கத்துலயே "நீங்குநிலை பார்க்க"னு ஒரு குறிப்போட.

அன்புடன்