கேமராவுல ஆக்சிஜன் லெவல் பாக்குறது நிஜமா ஒர்க் ஆகுமா?

ராக்கோழி:
மக்களே ஒரு டவுட். வெப்கேம்ல மூஞ்சிய வீடியோ எடுத்து பல்ஸ் கண்டுபிடிக்கிற கோடு எழுதினேன், சூப்பரா வருது, விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டருக்கும் இதுக்கும் ரெண்டு மூணுதான் வித்தியாசம். சரி அப்படியே ஆக்சிஜனையும் பாத்துடலாம்னு வீடியோவுல இருக்கிற சிவப்பு, நீல நிற அளவுகள (சேனல்) வச்சு கணக்கு போட்டா யார உக்கார வச்சாலும் 97, 98 சதவீதம்னே வருது. ஆக்சிமீட்டரும் அதையேதான் சொல்லுது, ஆனா எனக்கென்னவோ உறுத்துது.

சும்மாஒருத்தன்:
உறுத்த வேண்டியதுதான் 😀 நல்லா இருக்கிற ஆளுக்கு எப்பவும் 95லேருந்து 100க்குள்ளதான் இருக்கும். கேமராவே இல்லாம 97னு பிரிண்ட் பண்ற ஒத்த வரி கோடு கூட இதே அளவு கரெக்டா சொல்லும்.

மின்மினி:
ஆக்சிமீட்டர்ல ரெண்டு லைட்டு, 660 நானோமீட்டர் அலைநீள சிவப்பு, 940 நானோமீட்டர் இன்ஃப்ராரெட் (கண்ணுக்குத் தெரியாத ஒளி). ஆக்சிஜன் ஏறின ரத்தம் சிவப்ப கம்மியா உறிஞ்சும் இன்ஃப்ராரெட்ட கொஞ்சம் ஜாஸ்தியா உறிஞ்சும், ஆக்சிஜன் இல்லாதது அப்படியே நேர்மாறு, ஒவ்வொரு துடிப்புக்கும் ரெண்டும் எவ்ளோ ஏறி இறங்குதுன்ற விகிதத்துலதான் மொத்த விஷயமே இருக்கு. உங்க வெப்கேம்ல இன்ஃப்ராரெட்ட தடுக்கிற ஃபில்டர் இருக்குமே, அங்கயே பாதி போச்சு. பல்ஸ் நல்லா வர்றது பச்சை சேனலால, ரத்தம் பச்சைய நல்லா இழுக்கும். சிவப்புல துடிப்பு ரொம்ப சின்னது, தலைய லேசா ஆட்டினாலே மூழ்கிடும், வீடியோ கம்ப்ரெஷன் மிச்சத்தையும் தின்னுடும். ஒயிட் பேலன்ஸ், அதான் வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி கேமரா கலர சரி பண்றது, ஆட்டோலயா இருக்கு??

ராக்கோழி:
ஆமா ஆட்டோதான் 🤦 இப்ப லாக் பண்ணிட்டு டேபிள் லைட்ட போட்டுப் பாத்தேன், அதே ஆளு அதே சேரு, 91. லைட்ட அணைச்சா திரும்ப 97!

நாடித்துடிப்பு:
அப்ப நீங்க ரூம் லைட்டதான் அளந்துட்டு இருக்கீங்க. மூச்ச அடக்கி டெஸ்ட் பண்றேன்னு மட்டும் கிளம்பிடாதீங்க. ஆக்சிமீட்டர் கம்பெனிங்க டாக்டர் மேற்பார்வையில ஆளுங்களுக்கு ஆக்சிஜன் கம்மியான காத்த குடுத்து, ரத்தத்துல ஆக்சிஜன 70 சதவீதம் வரைக்கும் இறக்கி, தமனி ரத்தத்த எடுத்து ஒத்துப் பாப்பாங்க, அது வீட்டு வேலை இல்ல. அவ்ளோ பண்ணியும் தோல் கருப்பா இருந்தா சில நேரம் நிஜத்த விட கூட காட்டுது, 2020ல அமெரிக்காவுல வந்த ஆய்வுக்கப்புறம் இது பெரிய பேச்சாச்சு. தொட்டு அளக்குறதுக்கே இந்த கதி.

ராக்கோழி:
ஆக்சிஜன் பாக்ஸ ஸ்கிரீன்லேருந்து தூக்கிட்டேன், பல்ஸ் மட்டும் இருக்கட்டும். தாடி வச்சவங்களுக்கு நெத்திய மட்டும் எடுத்தா போதுமா?

மின்மினி:
நெத்தி போதும், முடி விழாம பாத்துக்கோங்க.