ஓடும்போதே பின் டயர் ரிம்மை விட்டு வெளியே வந்துவிடுகிறது, காரணம் என்ன?

காவிரிக்கரை:

வணக்கம். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. சுவாமிமலைப் பக்கம் எங்கள் ஊர், பள்ளி கும்பகோணத்தில். லேடீஸ் சைக்கிளில்தான் போய் வருகிறாள். அதன் பின் டயர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கழன்றுவிடுகிறது. பஞ்சரால் இல்லை. முதலில் சக்கரம் சுற்றச் சுற்ற சீட்டில் ஒரு தூக்கல் தெரிகிறதாம். இறங்கிப் பார்த்தால் ஒரே ஒரு இடத்தில் டயர் ரிம்முக்கு மேலே எழும்பி நிற்கும். அப்படியே ஓட்டினால் அந்த இடத்தில் ட்யூப் வெளியே பிதுங்கி, பெரிய சத்தத்தோடு வெடித்துவிடுகிறது. டயர் சரிந்து பின் ஃபோர்க்கில் சிக்கிக்கொள்கிறது.

மழைக்கு முன்னால் பின் டயரை மட்டும் புதிதாக மாற்றினோம். அதிலிருந்துதான் இந்தத் தொல்லை. கடையில் ட்யூப் சரியில்லை என்று சொல்லி வேறு ட்யூப் போட்டார்கள், அதுவும் வெடித்தது. இன்னொரு கடையில் காற்று அதிகம், குறைத்து வையுங்கள் என்றார்கள். குறைத்தால் திருப்பத்தில் டயர் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. முன் சக்கரத்தில் எந்தப் பிரச்சினையும் இல்லை. பஸ் போகிற ரோடு, எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. டயரில் கோளாறா, ரிம்மிலா?

மிதிப்பவன்:

டயரை ரிம்மில் ஏற்றும்போது ட்யூப் டயர் ஓரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டாலும் இப்படி வெடிக்கும். கொஞ்சமாகக் காற்று வைத்து, டயரைச் சுற்றிலும் இரண்டு பக்கமும் விரலால் விலக்கிப் பாருங்கள், ட்யூப் எங்கேயாவது எட்டிப் பார்க்கிறதா என்று.

கோட்டம் எடுப்பவர்:

மேலே தம்பி சொன்னது சரி, ஆனால் அப்படி மாட்டிய ட்யூப் பெரும்பாலும் காற்றடிக்கும்போதே, இல்லையென்றால் கொஞ்ச தூரத்திலேயே வெடிக்கும். ட்யூப் மாற்றியும் திரும்பத் திரும்ப டயர் ஒரே இடத்தில் எழும்புகிறது என்றால் எனக்கு வேறு சந்தேகம்.

அம்மா, இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். பின் டயரின் பக்கவாட்டில் புடைப்பான எழுத்தில் அளவு இருக்கும். 26 என்பதை மட்டும் சொல்லாமல் முழுவதையும் எழுதுங்கள், சின்னக் கோடு போட்டு மூன்று இலக்க எண் ஒன்றும் இருக்கும். அப்புறம், பின் ரிம் சைக்கிளோடு வந்ததா, நடுவில் மாற்றியதா? பழைய டயர் வீட்டில் கிடந்தால் அதையும் பாருங்கள்.

காவிரிக்கரை:

பார்த்தேன் ஐயா. பின் டயரில் 37-590, 26 × 1⅜ என்று இருக்கிறது. முன் டயரிலும் அதேதான். பின் ரிம் துருப்பிடித்து ஓட்டை விழுந்ததால் போன வருடம் மாற்றினோம், அப்போது ரிம்மும் டயருமாகச் சேர்த்தே போட்டார்கள். அந்த டயர் மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. அதில் 40-584, 26 × 1½ என்று எழுதியிருக்கிறது. இரண்டும் 26தானே?

கோட்டம் எடுப்பவர்:

பிடித்துவிட்டோம் அம்மா. டயரும் நல்லது, ரிம்மும் நல்லது. அந்த டயர் அந்த ரிம்முக்கு உரியது இல்லை, அவ்வளவுதான்.

கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதை டயர் விற்கிற கடைகளிலேயே பலர் கவனிப்பதில்லை. 26 என்பது ரிம்மின் அளவு இல்லை. காற்றடித்த டயரின் வெளிவட்டக் குறுக்களவு சுமாராக எத்தனை அங்குலம் என்று சொல்லும் பழைய கணக்கு. டயர் தடிமனாக இருந்தால், அதே 26 அங்குலத்துக்குள் அடங்க ரிம் சிறியதாக இருக்க வேண்டும். கோட்டுக்குப் பின்னால் வரும் மூன்று இலக்க எண்தான் ரிம்மில் டயர் உட்காரும் வட்டத்தின் குறுக்களவு, மில்லிமீட்டரில். நீங்களே கூட்டிப் பாருங்கள். 1⅜ அங்குலம் என்பது 35 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இரண்டு பக்கம் 70, அதோடு 590 சேர்த்தால் 660. 1½ அங்குலம் 38 மில்லிமீட்டர். இரண்டு பக்கம் 76, அதோடு 584 சேர்த்தாலும் 660. 660 மில்லிமீட்டர்தான் 26 அங்குலம். வெளியே பார்த்தால் இரண்டு சக்கரமும் ஒரே உயரம், உள்ளே டயர் உட்காரும் வட்டம் வேறு. மலைச் சைக்கிள்களில் வரும் 26 × 1.75 இன்னொரு குடும்பம், அது 559. ஒன்றுக்கு ஒன்று ஆகாது.

உங்கள் ரிம் 584, டயர் 590. வித்தியாசம் 6 மில்லிமீட்டர்தான், சுற்றளவில் 19 மில்லிமீட்டர் வரும். இது போதும் டயரை வெளியே தள்ள. டயரின் ஓரத்துக்குள் எஃகுக் கம்பி ஒன்று வளையமாக ஓடுகிறது. அது நீளாது. சரியான அளவில் இருந்தால் அந்த வளையம் ரிம்மின் உட்படியில் சுற்றிலும் ஒட்டி உட்காரும், ரிம்மின் விளிம்பைத் தாண்டி ஏற அதற்கு இடமே இருக்காது. காற்று எவ்வளவு தள்ளினாலும் டயரைப் பிடித்து வைப்பது அந்த வளையத்தின் அளவுதான். பெரிய வளையல் கையில் ஆடுவதுபோல உங்கள் டயர் ஆடுகிறது. ஒரு பக்கம் அமுங்கி உட்கார்ந்தால் எதிர்ப்பக்கம் 6 மில்லிமீட்டர் மேலே எழும்பும். ரிம் விளிம்பின் உயரமே ஏறக்குறைய அவ்வளவுதான். மகள் சொன்ன சீட்டுத் தூக்கல் அதுதான். நிறுத்தி வைத்திருக்கும்போது பிடித்து நிற்கும். ஏறி உட்கார்ந்து மேடு பள்ளத்தில் ஓட்டும்போது கம்பி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து விளிம்பைத் தாண்டும். மேலே டயரின் பிடிப்பு இல்லாத ட்யூப் பலூன் மாதிரி ஊதிக்கொண்டு வெடிக்கும். எத்தனை ட்யூப் மாற்றினாலும் இதே கதை.

காற்றைக் குறைக்கச் சொன்னதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். காற்று குறைந்தால் டயரை ரிம்மின் சுவரோடு அழுத்தி வைக்கும் பலமும் குறைகிறது, திருப்பத்தில் பக்கவாட்டு இழுப்புக்குத் தாக்குப்பிடிக்காது. நீங்கள் பார்த்ததும் அதுதான்.

கடைக்காரர் பூட்டும்போதே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. சரியான டயரின் கடைசி ஒரு சாண் ரிம்முக்குள் போக இரண்டு கட்டைவிரலும் வலிக்க வேண்டும். எந்தச் சிரமமும் இல்லாமல் தானே விழுந்தால் சந்தேகப்படுங்கள். பூட்டிக் காற்றடித்தபின் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பாருங்கள். ரிம்முக்குச் சற்று மேலே டயரில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். ரிம்முக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே மாதிரி இருந்தால் டயர் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

மலைப்பாதை:

நல்ல விளக்கம் அண்ணா. நான் கொல்லிமலை, கோத்தகிரி என்று ஏறி இறங்குபவன். அளவு சரியாக இருந்தும் டயர் கழல்வதைப் பார்த்திருக்கிறேன். ரிம்மைக் கட்டை கவ்வும் பிரேக் என்றால் இரண்டு ஆபத்து. வருடக்கணக்கில் கட்டை தேய்த்துத் தேய்த்து ரிம்மின் சுவர் மெலிந்து உள்பக்கமாகக் குழிந்துவிடும், ஒருநாள் அந்தச் சுவரே பிளந்து டயரை விட்டுவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தால் ரிம் சூடேறி உள்ளே காற்றழுத்தமும் ஏறும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் கையை எடுக்காமல் வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்: வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடி, நேர்பாதையில் விட்டுவிடு.

ஒரு சந்தேகம். என் நண்பன் வாங்கிய புது ரேஸ் சைக்கிளின் ரிம் ஓரத்தில் கொக்கி மாதிரி மடிப்பே இல்லை, சுவர் நேராக நிற்கிறது. அவன் பழக்கதோஷத்தில் 100 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்று அடிக்கிறான். சரியா?

கோட்டம் எடுப்பவர்:

வேண்டவே வேண்டாம் தம்பி. கொக்கி இல்லாத ரிம்முக்கு அதிகபட்சம் 5 பார், அதாவது சுமார் 73 பிஎஸ்ஐ. அதுதான் உலகத்தர வரம்பு. டயரும் அந்த வகை ரிம்முக்கு ஏற்றது என்று அதிலேயே எழுதியிருக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் யுஏஇ டூர் பந்தயத்தில் பெல்ஜியத்தின் தாமஸ் டி கெண்ட் விழுந்தபோது டயர் ரிம்மை விட்டு வெளியே வந்திருந்தது. அதற்குப் பிறகு தொழில்முறை வீரர்களே இந்த வகை ரிம் பாதுகாப்பானதா என்று குரல் கொடுத்தார்கள். இன்றைக்கே நண்பரிடம் சொல்லிவிடுங்கள்.

காவிரிக்கரை:

ரொம்ப நன்றி ஐயா. பழைய டயரைக் காட்டிக் கேட்டேன், இங்கே விசாரித்த கடைகளில் 1½ இல்லை, 1⅜தான் இருக்கிறதாம். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி இறுக்கமாக ஏற்றித் தருகிறோம் என்றார் ஒருவர். வேண்டாம் என்று வந்துவிட்டேன். ரிம்மையே 590க்கு மாற்றிவிடலாமா?

கோட்டம் எடுப்பவர்:

வந்தது நல்லது. பெரிய வளையத்தை எப்படி நெம்பி ஏற்றினாலும் சின்னதாகாது. ஸ்க்ரூடிரைவர் நெம்பல் ஓரக்கம்பியை வளைக்கும், ட்யூபைக் கிழிக்கும்.

ரிம்மை மாற்றலாம், ஆனால் சக்கரத்தின் கம்பிகளை எல்லாம் கழற்றிப் புதிதாகப் பின்ன வேண்டும். ஒவ்வொரு கம்பியும் 3 மில்லிமீட்டர் நீளம் கூடுதலாக வேண்டும், பழைய கம்பி எட்டாமல் போகலாம். கூலியும் சேர்த்தால் ஒரு டயர் விலையை நன்றாகத் தாண்டும். அதற்குப் பதிலாக 40-584 டயரைத் தஞ்சாவூர் அல்லது திருச்சி மொத்தக் கடையில் சொல்லி வரவழையுங்கள். ட்யூப் பெரும்பாலும் இரண்டு அளவுக்கும் ஒன்றேதான், பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். வெடித்ததில் பக்கம் கிழிந்திருக்கலாம், அதனால் இப்போதுள்ள பின் டயரை முன்னுக்கு மாற்றும் எண்ணம் வேண்டாம்.

டயர் பூட்டியதும் பிரேக் கட்டை ரிம்மில் மட்டும் படுகிறதா, டயரின் பக்கத்தை உரசுகிறதா என்று பாருங்கள். உரசினால் கட்டையைக் கொஞ்சம் கீழே இறக்கி முடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புது டயரும் அறுந்துபோகும். பின் ரிம்மின் உள்பக்கத்தில் பெயிண்டால் 584 என்று எழுதி வையுங்கள், அடுத்த முறை யார் வாங்கப் போனாலும் குழப்பம் இருக்காது. டயர் வரும்வரை பாப்பாவைப் பஸ்ஸில் அனுப்புங்கள் அம்மா. அந்தச் சைக்கிளை பக்கத்துத் தெருவுக்குக்கூட எடுக்க வேண்டாம்.