ட்ரிஃப்ட் எலிமினேட்டர்: ‘ஆவித் தடுப்பி’ வேண்டாம், ‘சாரல் தடுப்பி’ என்போம்

> “ஆவித் தடுப்பி என்றால் எல்லோருக்கும் எளிதில் புரியும்.”

வணக்கம் ஐயா. ஆலைகளிலும் பெரிய கட்டடங்களிலும் சூடான நீரைக் குளிரவைக்கும் குளிர்விப்புக் கோபுரத்தில் ‘ட்ரிஃப்ட் எலிமினேட்டர்’ என்றொரு உறுப்பு உண்டு. அதற்கு நம் சொல்லடைவில் ‘ஆவித் தடுப்பி’ என்று பதியலாம் என மேலே உள்ளபடி நீங்கள் எழுதியதற்கு இது என் பதில்.

எளிதில் புரியும், ஆனால் தவறாகப் புரியும். குளிர்விப்புக் கோபுரத்தில் நீரின் ஒரு பகுதி ஆவியாவதால்தான் மிச்சம் குளிர்கிறது. ஆவியைத் தடுத்தால் கோபுரம் எதற்கு? அந்த ஆவியில் கிருமியும் இல்லை, உப்பும் இல்லை. விசிறி இழுக்கும் காற்றோடு, ஆவியாகாமலே வெளியேறும் நுண்துளிகள்தாம் ஆபத்து. தொட்டி நீரில் உள்ள லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா அவற்றில் ஏறிக்கொண்டு மூச்சு வழியாக நுரையீரலுக்குள் போகிறது; கடும் நிமோனியா வருகிறது.

காற்று அடித்துக்கொண்டு வரும் துளிக்கு நம்மிடம் ‘சாரல்’ இருக்கிறது. “சாரல் அடிக்கிறது, ஜன்னலைச் சாத்து” என்று சொல்லாத வீடு உண்டா? மலைச்சாரலோடு குழம்பும் என்ற அச்சம் எனக்கில்லை. கோபுரத்தின் மேல் யாரும் மலையைத் தேடமாட்டார்கள். ‘எலிமினேட்டர்’ என்பதன் நேர்ப்பொருளான ‘நீக்கி’யைவிடத் ‘தடுப்பி’ நேர்மையானது, ஏனெனில் எந்தத் தகடும் துளிகளை முழுதாக நீக்கிவிடுவதில்லை.

பொருளைப் பாருங்கள்: விசிறிக்குக் கீழே அடுக்கிய நெளிநெளியான பிளாஸ்டிக் தகடுகள். காற்று வளைந்து போய்விடும். துளியால் அந்த வேகத்தில் திரும்ப முடியாது, தகட்டில் மோதி வழிந்து தொட்டிக்கே விழும். ஒரு தகடு உடைந்தோ விலகியோ இருந்தால் காற்று அந்த இடைவெளி வழியாகவே பாயும். பராமரிப்பவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ‘ஆவி’ என்று படித்தவர், வெண்புகையாய்த் தெரியும் ஆவியைப் பார்த்துப் பயப்படுவார். உடைந்த தகட்டைக் கவனிக்கமாட்டார்.

அடுத்த சொல் பயோஃபிலிம்: நீர் படும் பரப்புகளில் நுண்ணுயிர்கள் சேர்ந்து படியும் வழவழப்பான படலம். அதற்கு ‘உயிர்ப்படலம்’ சரி. ‘பாசி’ வேண்டாம். குளோரின் எளிதில் ஊடுருவாத அந்த வழவழப்புக்குள், அமீபாக்களின் உடலுக்குள்ளேயே லெஜியோனெல்லா பெருகுகிறது. தேய்த்து எடுக்காமல் மருந்தை மட்டும் ஊற்றினால் சில நாட்களில் திரும்பி வரும். தேய்ப்பதிலும் கவனம் வேண்டும். வடபிரான்சின் ஆர்ன் ஊரில், 2003 நவம்பர் முதல் 2004 ஜனவரி வரை, ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையின் கோபுரத்திலிருந்து பரவி 86 பேர் நோயுற்றார்கள். 18 பேர் இறந்தார்கள். ஆறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தவர்களுக்கும் வந்தது. இரண்டாம் அலை, கோபுரத்தை உயரழுத்த நீரால் கழுவிய நாட்களை ஒட்டி எழுந்தது. விசிறியை நிறுத்தி, கிருமிநாசினியிட்ட பிறகே கழுவ வேண்டும். கழுவுபவருக்கு முகக்கவசம் கட்டாயம்.

சொல்லடைவில் இப்படிப் பதியக் கோருகிறேன்: சாரல் – குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து காற்றோடு வெளியேறும், ஆவியாகாத நீர்த்துளிகள். சாரல் தடுப்பி – அத்துளிகளைப் பிடித்துத் தொட்டிக்குத் திருப்பும் நெளிதகடு.