ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்கு எந்த எண்ணெய்?

வணக்கம். திருவையாறு பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு வயது 64, போன மாதம் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தார்கள். நெய்யையும் தேங்காய் எண்ணெயையும் குறைக்கச் சொன்னார் டாக்டர். தம்பியோ, கொழுப்பால் கெடுதலே இல்லை என்று தினம் ஒரு வீடியோ அனுப்புகிறான். இதயத்துக்கு ஆகாது என்று சொல்லும் நிறைவுற்ற கொழுப்பு (saturated fat) தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம், நல்லெண்ணெயில் 15 சதவீதம்தான். அந்தக் கொழுப்பை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். எனக்கு டாக்டர் பேச்சுதான் சரியாகப் படுகிறது. ஆனால் அப்பா சூடான சோற்றில் பருப்பைப் பிசைந்துவிட்டு, நெய்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மனசு கேட்கவில்லை. தஞ்சாவூர், கும்பகோணத்தில் பொறுமையாக உணவு முறை எழுதித் தரும் உணவியல் நிபுணர் யாரையாவது தெரியுமா? அப்புறம், ஸ்டென்ட் வைத்தவர்கள் வீட்டில் ஆளுக்கு மாதம் எவ்வளவு எண்ணெய் ஆகிறது? செக்கு நல்லெண்ணெயிலேயே தாளிக்கிறீர்களா?